கண் பழகிய பச்சையும் பாட்டியின் பதினெட்டாம் நாளும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அப்பா ஒரு ஏக்கர் இறவை ராகிக்கு மூன்று மூட்டை யூரியா போடுகிறார். முன்பெல்லாம் ஒரு மூட்டைக்கே பயிர் கருகருவென்று வந்ததாம். இப்போது மூன்று போட்டும் அவர் கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரிகிறது. மகசூலும் ஏறவில்லை. இன்னொரு பக்கம், என் பாட்டி ஐம்பது வருடமாக அதே பாரதக் கூத்தைப் பதினெட்டு நாளும் உட்கார்ந்து பார்க்கிறார். அதே இடத்தில் அழுகிறார். எனக்கு இரண்டாவது தடவையே சலித்துவிட்டது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் பலன் குறையும் என்பது பயிருக்கும் மனசுக்கும் ஒரே விதியா? இதில் ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? நானே ஊரில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?"

மண் பரிசோதனை வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். கூத்து எனக்குப் பால்ய வயதிலிருந்து கூடவே வருவது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

ஒரே விதி இல்லை. தாளில் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வளைந்து தெரியும், ஆனால் வளைவதற்கான காரணம் வேறு வேறு. அப்படியிருந்தும் உங்கள் வீட்டு விஷயத்தில் இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. அது உங்கள் அப்பாவின் கண். அதற்கு வருகிறேன், முதலில் மூட்டைக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது நாம் தழைச்சத்து என்று சொல்வது. இப்போது வரும் மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20.7 கிலோ. மூன்று மூட்டை என்றால் ஏக்கருக்கு 62 கிலோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை ராகிக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 24 கிலோ சொச்சம். ஒரு மூட்டை யூரியாவும் அதற்கு மேல் ஒரு 8 கிலோவும் போட்டால் சரியாகிவிடும். அடியுரமாக டிஏபி என்ற உரத்தைப் போட்டிருந்தால் அதிலேயே 18 சதவீதம் தழைச்சத்து வந்துவிடும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக அப்பா போடுவது தேவையைப் போல இரண்டரை மடங்கு. அதே மூன்று மூட்டை மத்திய கால நெல்லுக்கு என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதற்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ. நெல் வயலில் பழகிய கை ராகிக் கொல்லையிலும் அதே அளவை வீசிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வளைவு. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இல் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் கோதுமையில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஒரே வயல், பல துண்டுகள். ஒன்றுக்கு எதுவுமே கிடையாது, ஒன்றுக்குத் தொழு உரம், மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் ரசாயன உரம். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. தழைச்சத்தை ஹெக்டேருக்கு 48, 96, 144 கிலோ என்று 48-இன் மடங்குகளாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் 48 கிலோவுக்குப் பயிர் துள்ளி எழும். அடுத்த 48-க்கு எழும், ஆனால் அந்த அளவு இல்லை. போகப் போகக் கோடு படுத்துவிடும். 1909-இல் ஜெர்மனியின் மிட்ஷர்லிக் இதற்கு ஒரு சமன்பாடே எழுதினார்: பயிர் எட்டக்கூடிய உச்ச விளைச்சலுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ, அந்தப் பாக்கியைப் பொறுத்துத்தான் அடுத்த கிலோ உரத்தின் பலன். பாக்கி குறையக் குறையப் பலனும் குறையும்.

எனக்கு அந்தச் சோதனையில் மிகவும் பிடித்த துண்டு, எதுவும் போடாத துண்டுதான். நூற்றெண்பது வருடமாக எருவும் உரமும் பார்க்காமல் இன்றைக்கும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கோதுமை தருகிறது. மண் தன் கையிலிருந்து கொடுப்பது அது. நம் விவசாயி யாரும் இந்த வெறும் துண்டை விட்டுவைப்பதில்லை. அதனால் மண் எவ்வளவு கொடுத்தது, மூட்டை எவ்வளவு கொடுத்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எல்லாப் பெருமையும் மூட்டைக்குப் போய்விடுகிறது.

இதைப் பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களிடம் ஓர் அழகான உத்தி இருக்கிறது. இயற்கையில் உள்ள நைட்ரஜன் அணுக்களில் 0.37 சதவீதம் மட்டும் கொஞ்சம் கனமானவை, நைட்ரஜன்-15. அந்தக் கனமான வகை அதிகமாக உள்ள யூரியாவைத் தயாரித்து வயலில் போடுவார்கள். அறுவடையில் தானியத்தையும் தட்டையையும் சோதித்தால் எது மூட்டையிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். நன்றாக உரம் போட்ட பயிரிலும் பல சமயம் பாதிக்கு மேல் மண்ணில் மக்கிய பொருளிலிருந்து வந்ததாகத்தான் முடிவு வரும். உலகம் முழுக்கத் தானியப் பயிர்களுக்குப் போடும் தழைச்சத்தில் ஏறக்குறைய 33 சதவீதம்தான் தானியத்தில் போய்ச் சேர்கிறது என்று 1999-இல் ராண், ஜான்சன் என்ற இருவர் கணக்கிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு.

மீதி எங்கே போகிறது? உங்கள் கொல்லையையே வைத்துச் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகு, ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் செம்மண்ணின் மேல் அப்பா யூரியாவை வீசுகிறார். மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி ஓரிரு நாளில் அதை உடைத்து அம்மோனியாவாக ஆக்கும். ஒவ்வொரு குருணையைச் சுற்றிலும் காரத்தன்மை ஏறும், அம்மோனியா காற்றில் போகும். மண் சுண்ணாம்பு கலந்ததாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். தப்பித்தது நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் தண்ணீரோடு போகிற சரக்கு, நம் மணல்சாரி மண்ணில் இரண்டு நல்ல மழைக்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தில் நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் வாயுவாக்கி விட்டுவிடும். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு, வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் வலுவானது. 2015 முதல் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று ஆனதற்கு ஒரு காரணம், நைட்ரேட்டாக மாறும் வேகத்தை வேம்பு கொஞ்சம் தணிக்கிறது என்பதுதான்.

கீழே இறங்கிய நைட்ரேட் கிணற்றுக்குத்தான் போகும். நம் பக்கத்தில் தண்ணீர் என்றாலே எல்லோரும் ஃபுளோரைடு பற்றித்தான் பேசுகிறோம். பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக அதைப் பார்த்தவர்கள் நாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இது விளையாட்டு விஷயம் அல்ல. கொல்லைக்கு நடுவே கிணறு வைத்திருப்பவர்கள் ஃபுளோரைடு பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

சரி, கண்ணுக்கு வருவோம்.

இலை பச்சையாக இருப்பதற்கும் தழைச்சத்துக்கும் உறவு உண்மையானதுதான். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். தழைச்சத்து குறைந்தால் பயிர் கிழட்டு இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் வெளுப்பு அடி இலையில் தொடங்கும், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும். குருத்து வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்தோ கந்தகமோ, அதற்கு யூரியா போட்டால் பணம்தான் போகும். ஒரு தடவை ஒரு பெரியவர் குருத்து வெளுத்த ராகிக்கு மூன்றாவது தடவையாக மேலுரம் வீசிக்கொண்டிருந்தார். குனிந்து அடி இலையைப் பிரித்துக் காட்டினேன். அது கிளிப்பச்சையாக இருந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பச்சை உண்மை சொல்வதாக இருந்தாலும், பச்சையைப் பார்க்கும் கண் மாறிக்கொண்டே இருக்கும். இதுதான் உங்கள் அப்பா விஷயத்தில் நடந்தது என்று நான் நினைக்கிறேன். ஹாரி ஹெல்சன் என்ற உளவியலாளர் இதற்காகவே ஒரு கோட்பாடு வகுத்தார், 1964-இல் அவர் நூலும் வந்தது. நாம் எதையும் அதன் சொந்த அளவில் பார்ப்பதில்லை, இதுவரை பார்த்துப் பழகியவற்றின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அதன் சாரம். ஒரு மூட்டை போட்ட காலத்தில் அப்பாவின் கண்ணுக்கு அளவுகோல் ஒரு பச்சை. அடுத்த வருடம் ஒன்றரை மூட்டை போட்டார், வயல் கருத்தது, மனசு குளிர்ந்தது. தினமும் காலையில் வரப்பில் நின்று அதையே பார்த்ததில் கண்ணின் அளவுகோல் அங்கே நகர்ந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் பழைய பச்சை வெளுப்பாகத் தெரிந்தது. பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல பச்சையைப் பார்த்தால் வரும் சந்தோஷம் விவசாயிக்கு ரத்தத்தில் உள்ளது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தச் சந்தோஷம் பழகிப் பழகி மங்கும்போது அதைத் திரும்பப் பெறத்தான் கூடுதல் மூட்டை போகிறது. பயிர் கேட்டுப் போகவில்லை.

பயிரும் இதற்கு ஒத்துழைக்கும் என்பதுதான் கஷ்டம். தேவைக்கு மேல் கொடுத்தாலும் அது உறிஞ்சிக்கொள்ளும், இலையில் சேர்த்துவைத்து இன்னும் கருக்கும். மணியில் ஒன்றும் ஏறாது. இலை மென்மையாகி, தண்டு நீண்டு இளைத்து, ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். கொழுத்த இலையில் பூச்சிக்குக் கொண்டாட்டம். ராகியில் குலைநோய் எளிதாகப் பிடிக்கும். கருகருவென்று இருந்த கொல்லையில் கழுத்து கருத்துக் கதிர் தொங்கும்போது, உரம் பற்றவில்லை என்று சொல்பவர்களையும் நான் கேட்டிருக்கிறேன்.

நகரும் கண்ணுக்கு மருந்து, நகராத பச்சை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது. நெல்லுக்கு அதைத்தான் இலை வண்ண அட்டை என்று கொடுத்தார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. வெளிர் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் இருக்கும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் விழும்படி, மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. பத்துச் செடியில் பார்த்து, ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற நெல் ரகங்களுக்குப் பொதுவாக 4. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை. ராகிக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஒரே அட்டையை வருடா வருடம் வைத்துப் பார்த்து எழுதி வந்தால், கண் நகர்ந்ததா பயிர் வெளுத்ததா என்று அப்பாவுக்கே தெரிந்துவிடும்.

இனி பாட்டி. பாட்டியைப் பற்றிய ஆராய்ச்சி உங்களை ஆச்சரியப்படுத்தும், ஏனென்றால் அது முதலில் எதிர்த்திசையில்தான் தொடங்குகிறது.

1968-இல் ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் அமெரிக்க மாணவர்களுக்கு அர்த்தம் தெரியாத சொற்களையும், சீன எழுத்துப் போன்ற வடிவங்களையும், முன்பின் தெரியாத முகங்களையும் காட்டினார். சிலவற்றை ஒரு தடவை, சிலவற்றை இருபத்தைந்து தடவை வரை. அதிகம் பார்த்தவற்றைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்றார்கள். வெறுமே கண்ணில் பட்டதே போதுமாக இருந்தது. அப்படியானால் திரும்பத் திரும்பப் பார்த்தால் பிடிப்பு கூடும், குறையாது. ஆனால் எதுவரை? 1970-இல் டேனியல் பெர்லைன் அதைப் பார்த்தார். எளிமையான வடிவம் சீக்கிரம் சலித்துவிடுகிறது. சிக்கலான வடிவம் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது, அல்லது குறைந்தபட்சம் தாக்குப்பிடிக்கிறது. 1989-இல் ராபர்ட் போர்ன்ஸ்டீன் அதுவரை நடந்த 200-க்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் சலிப்பு ஒரு வரம்பாக நிற்பது தெரிந்தது. ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் கோடு. உரத்தின் கோட்டைப் பார்த்த உங்களுக்கு இது தெரிந்த முகமாக இருக்கும்.

ஆனால் ஓவியத்தை வைத்துச் செய்த இரண்டு சோதனைகள்தான் இந்த விஷயத்தில் என்னை உட்கார வைத்தவை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் தன் வகுப்பில், பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல், அதிகம் பிரபலமாகாத பிரெஞ்சு ஓவியங்களை அவ்வப்போது சில நொடிகள் திரையில் காட்டிக்கொண்டே இருந்தார். 2003-இல் வெளியான முடிவு: பிரபலமான ஓவியங்களின் பக்கம் வழக்கமாக இருக்கும் சாய்வு அந்த வகுப்பில் மறைந்துவிட்டது. அப்படியானால் நாம் உயர்ந்த கலை என்று சொல்வதெல்லாம் பழகிப்போனது மட்டும்தானா என்று கேள்வி வந்தது. பத்து வருடம் கழித்து இங்கிலாந்தில் மெஸ்கினும் கூட இருந்தவர்களும் அதே முறையில், மலிவானது என்று விமர்சகர்கள் ஒதுக்கிய தாமஸ் கின்கேடின் படங்களையும், பழைய ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் ஓவியங்களையும் மாணவர்களுக்குப் பல தடவை காட்டினார்கள். பார்க்கப் பார்க்க கின்கேடின் படங்கள் மீது பிடிப்பு குறைந்தது. மில்லேக்கு அப்படி ஆகவில்லை. திரும்பப் பார்ப்பது வெறும் பழக்கத்தை மட்டும் தரவில்லை, உள்ளே சரக்கு இருக்கிறதா இல்லையா என்று காட்டியும் கொடுக்கிறது.

பாரதக் கூத்தில் சரக்கு இருக்கிறது தம்பி. உங்களுக்குச் சலித்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் கதையைப் பார்த்தீர்கள். கதை இரண்டாம் தடவையில் தீர்ந்துவிடும், அது எளிய வடிவம். பாட்டி கதையைப் பார்க்கவில்லை. கட்டியங்காரன் இந்த வருடம் யாரை இழுத்துப் பேசினான், திரைக்குப் பின்னால் நின்று பாடிய விருத்தத்தை வேஷக்காரர் எந்த இடத்தில் இழுத்தார், துகிலுரியும்போது திரௌபதி வேஷம் கட்டியவர் போன வருட ஆள்தானா, குரல் உடைந்ததா நடித்தாரா, மத்தளக்காரர் எங்கே கையை எடுத்தார் என்று பாட்டிக்கு நூறு கண்ணி இருக்கிறது. கூத்தும் எழுதி வைத்த வசனம் அல்ல, ஒவ்வொரு இரவும் கொஞ்சம் வேறாகத்தான் வரும். அதைவிட முக்கியம், அது வருடத்துக்கு ஒரு தடவை. பழகி மங்கியது ஓய்வு கொடுத்தால் திரும்ப உயிர் பெறும் என்பது, நரம்பு மண்டலத்தை வைத்து 1960-களிலேயே தாம்ஸனும் ஸ்பென்சரும் தெளிவாக எழுதிய விஷயம். பதினோரு மாதத்துக்கும் மேல் ஓய்வு. நீங்கள் அடுத்தடுத்துக் கைபேசியில் பார்த்தீர்கள் என்றால் அந்த ஓய்வு கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2019-இல் எட் ஓபிரையன் செய்த ஆராய்ச்சியில், ஒரு அருங்காட்சியகக் கண்காட்சியை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர்கள் திரும்பப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கூட்டத்திடம் கேட்டார்கள், இன்னொரு கூட்டத்தை உண்மையிலேயே திரும்பப் பார்க்க வைத்தார்கள். சலிக்கும் என்று முன்கூட்டிச் சொன்ன அளவைவிட உண்மையான இரண்டாம் பார்வை நன்றாக இருந்தது. முதல் தடவையில் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் பார்க்கிறோம். "அதான் தெரியுமே" என்று நீங்கள் எழுந்து போன இரவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்.

அழுகை பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். என் அம்மா, துரியோதனன் சாகும் நாளான படுகளத்தன்று முன்வரிசைக்குப் போகமாட்டார், ஓரத்தில் நிற்பார். மண்ணில் வளர்த்தியிருக்கும் துரியோதனன், பதினைந்து இருபது ஆள் நீளத்துக்கு. பீமன் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிக்கப்போகும் நேரம். அடி விழுவதற்கு வெகு முன்னால், மத்தளம் வேகம் பிடித்த உடனே, அம்மா முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துவிடுவார். கண் அப்போது காய்ந்துதான் இருக்கும். கை தயாராகிவிடும். அப்புறம்தான் அடி, கூட்டம், அழுகை. துரியோதனன் செத்ததற்கு எதற்கம்மா அழுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். "அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே" என்பார். பிறகு கூட்டத்தோடு போய் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துவந்து, தானியக் குதிரில் கொஞ்சம், கொல்லையில் கொஞ்சம் போடுவார்.

அந்தக் கை முன்கூட்டித் தயாரானதை 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் சக ஆய்வாளர்களும் மூளைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள். வந்தவர்களையே தங்களுக்குப் புல்லரிக்கும், நன்றாகப் பழகிய இசையைக் கொண்டுவரச் சொன்னார்கள். புல்லரிக்கும் நொடியில் மூளையின் ஒரு பகுதியில், இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் சுரந்தது. அதற்குச் சில நொடி முன்பே, வரப்போகிறது என்று காத்திருக்கும்போது, வேறொரு பகுதியில் சுரந்தது. முதல் தடவை கேட்பவருக்கு எது வரப்போகிறது என்றே தெரியாது, அதனால் இப்படிக் குறிவைத்துக் காத்திருக்கும் இன்பம் அவருக்கு ஏது? பாட்டி ஐம்பது வருடமாக அதை வளர்த்து வைத்திருக்கிறார்.

அதனால்தான் ஒரே விதி இல்லை என்றேன். பயிரின் கோடு படுப்பது வேறு ஏதோ ஒன்று பற்றாமல் போவதால்: தண்ணீர், மணிச்சத்து, சாம்பல்சத்து, வெயில், அல்லது ரகத்தின் உச்சமே அவ்வளவுதான். இலைக்குச் சலிப்புக் கிடையாது. ஓய்வு கொடுத்தாலும் அந்தப் பருவத்தில் அது திரும்ப எழாது. மனசின் கோடு படுப்பது பழகியதால், அது ஓய்வில் திரும்ப எழும், பார்வை ஆழமானால் படுக்காமலே போகும். கருகருத்த கொல்லையில் அப்பா தேடியது எளிய வடிவம். ஒரே நிறம், அதில் இன்னும் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, அளவைத்தான் கூட்ட முடியும். அதே கொல்லையில் பார்க்க வேறு நிறைய இருக்கிறது. ராகிக்கு நடுவே சால் விட்டு அவரை போடுவது நம் பக்கத்து வழக்கம். பூக்கும் தருணத்தில் ஓர் அவரைச் செடியை வேரோடு மெல்லக் கிளப்பி, வேரில் உள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது, நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்காரப் புரதம்தான் அந்தச் சிவப்பு. காற்றில் 78 சதவீதம் இருந்தும் பயிரால் தொட முடியாத நைட்ரஜனை அந்த முடிச்சுக்குள் பாக்டீரியா பிடித்துக் கொடுக்கிறது. இதே வேலைக்கு ஹேபர் 1909-இல் பெரும் அழுத்தமும் வெப்பமும் கொடுக்க வேண்டியிருந்தது. ராகி அறுத்த பிறகு கொள்ளு விதைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பையூர் ஆராய்ச்சி நிலையம் ராகியிலும் கொள்ளிலும் பையூர் என்ற பெயரிலேயே ரகங்கள் வெளியிட்டிருக்கிறது.

நீங்களே செய்து பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். கொல்லையில் ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில் நான்கு அளவு வையுங்கள்: ஏக்கர் கணக்கில் பூஜ்யம், ஒரு மூட்டை, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் வாய்க்கால் ஓரத்துப் பாத்திதான் ஜெயிக்கும். மணி, சாம்பல் சத்து எல்லாவற்றுக்கும் ஒன்றே. பாதி அடியுரம், மீதியைப் பிரித்து ஈரத்தில் மேலுரம், போட்டதும் மண்ணைக் கிளறி மூடுங்கள். பூஜ்யப் பாத்தியைப் பார்த்து அப்பா மனசு கேட்காமல் ஒரு கை வீசிவிடுவார், அதை மட்டும் முன்கூட்டிப் பேசிவையுங்கள். அறுவடையில் ஒவ்வொரு பாத்தியின் எடையிலிருந்து பூஜ்யத்தின் எடையைக் கழித்து, போட்ட தழைச்சத்தால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ ராகி என்று வரும். கூடவே ஒரு வேலை: பாத்திக்கு எவ்வளவு உரம் என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று வாரா வாரம் அப்பாவைக் கேட்டு எழுதுங்கள். அட்டையின் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் இரண்டு கேள்வியும் அந்த நோட்டில் ஒன்றாக வந்துவிடும். விதைப்பதற்கு முன் மண் எடுங்கள், ஆங்கில வி எழுத்து மாதிரி குழி வெட்டிப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை சீராகச் சுரண்டி, பத்திடத்து மண்ணைக் கலந்து, கால் கால் பங்காகக் குறைத்து அரை கிலோ. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

கூத்துப் பக்கம் ஆராய்ச்சி கொஞ்சம் கடினம். வருடா வருடம் வருபவர்கள் பிடித்துப்போய் வருபவர்கள், சலித்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். பந்தலில் மட்டும் கேட்டால் எல்லோரும் ஆஹா என்பார்கள். வராதவர்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும், இதுவரை பார்க்காத பிள்ளைகள் சிலரையும் உட்கார வைக்க வேண்டும். அவர்கள்தான் இங்கே பூஜ்யப் பாத்தி. "பிடித்ததா" என்று மட்டும் கேட்காதீர்கள், கேள்வியே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடும். எந்த இடம் ஞாபகம் இருக்கிறது, போன வருடத்துக்கு இந்த வருடம் என்ன மாறியது என்று கேளுங்கள். பாட்டி பக்கத்தில் நீங்களும் பாயை விரித்து உட்காருங்கள். அவர் அழும் நேரத்தைக் குறிக்க வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். முந்தானையைக் கையில் எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்போது மத்தளத்தில் என்ன வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும்.